நிறுத்தாமல் ஓடும் பம்பு

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



"இதயம்" என்று தலைப்பு வைத்தால் காதல் கவிதை என்று நினைத்து ஓடி வருவீர்கள், உள்ளே வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். அதனால்தான் நேரடியாகப் பம்பு என்றே தலைப்பு வைத்துவிட்டேன். கவிதை வேண்டுபவர்கள் பக்கத்தைத் திருப்பலாம், மலருக்குக் கவிதை கொடுக்காத ஆள் நம் காலேஜில் குறைவு! நான் எழுதப் போவது நெஞ்சுக்கூட்டுக்குள் சற்று இடப்பக்கம் சாய்ந்தாற்போல் இருக்கும், மூடிய கை அளவே உள்ள, சுமார் 300 கிராம் எடையுள்ள ஒரு தசையைப் பற்றி.

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இதயத்தைப் பத்தி என்னடா தெரியும்?" என்று கேட்பீர்கள். டாக்டருக்குத் தெரிவது எனக்குத் தெரியாதுதான். ஆனால் பம்பு என்றால் நமக்குத் தெரியும் அல்லவா? வால்வு, ஹெட், டிஸ்சார்ஜ், பிரஷர் எல்லாம் லேபில் கைப்பட எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியவைதானே. அந்தக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7200 லிட்டர்! மொட்டை மாடியில் கறுப்பாக நிற்கிறதே 1000 லிட்டர் டேங்க், அதில் ஏழு டேங்க் ரொப்பி இன்னும் மிச்சம் இருக்கும். துடிப்பை எண்ணினால் ஒரு நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கரண்ட் கட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, தீபாவளிக்குப் பத்து நாள் கம்பெனி மூடுவதும் கிடையாது.

அடுத்தது ஹெட். ரத்த அழுத்தம் 120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று அர்த்தம். பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம் என்பது நமக்குப் பாடம். 120-ஐ 13.6-ஆல் பெருக்குங்கள், 1632 மில்லிமீட்டர் வரும். அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் நம் இதயம் சுமார் 1.63 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் அளவு தள்ளுகிறது. ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். அழுத்தம் 180 ஆனவருக்கு இதே கணக்கைப் போட்டால் 2.45 மீட்டர், வீட்டு வாசல் நிலையையும் தாண்டிப் போகிறது. மோட்டார் மாறவில்லை, ஹெச்.பி. கூடவில்லை. ஹெட் மட்டும் ஏறிவிட்டது. கிணற்றில் அப்படி ஒரு மோட்டாரை வருடக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும் என்று தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பையன்களைக் கேளுங்கள். இதயத்தில் வைண்டிங் எரியாது. தசை தடித்துப் போகும், ரத்தக்குழாய்ச் சுவர் அடிபடும், மூளையில் குழாய் வெடிக்கவும் செய்யும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது ஆளுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

இங்கே ஒரு சுவையான செய்தி. இந்தப் பாதரச அளவை ரத்தத்துக்குக் கொண்டு வந்தவர் பாய்ஸூயி என்ற பிரெஞ்சுக்காரர். 1828-ல் யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி ரத்த அழுத்தத்தை அளந்தார். நம் லேபில் இருக்கும் அதே மேனோமீட்டர்தான். பைப்பில் ஓடும் திரவத்துக்கு அவர் பெயரில் ஒரு சூத்திரம் படிக்கிறோமே, அவரேதான். படிப்பால் அவர் டாக்டர். ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனவர் கண்டுபிடித்ததை நாம் பைப்லைனுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம்! ஆக, மெக்கானிக்கல்காரன் இதயத்தைப் பற்றி எழுதலாம், தப்பில்லை.

அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது? பைப்பின் ஆரம் பாதியானால் டிஸ்சார்ஜ் பாதியாகாது. நான்காம் படி என்பதால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பினாலும், தான் வேலை செய்யத் தனக்கென்று ரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வரும் குழாய்கள் கொரோனரி எனப்படுபவை. அவற்றின் விட்டம் வெறும் மூன்று நான்கு மில்லிமீட்டர். அதற்குள் கொழுப்புப் படிந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு உடனே விட்டுவிடாது, அடுத்திருக்கும் நுண்குழாய்களை விரித்து ரொம்ப நாள் சமாளிக்கும். அதனால்தான் படியேறும்போது மட்டும் நெஞ்சு அடைக்கும், உட்கார்ந்தால் சரியாகும். அதைவிட ஆபத்து என்னவென்றால், படிந்த கொழுப்பின் மேல்தோல் திடீரென்று கிழிந்து அங்கே ரத்தம் கட்டியாக உறைந்துவிடுவது. பாதிகூட அடைக்காத குழாயிலும் இது நடக்கும். காலையில் நன்றாக வேலைக்குப் போனவர் மத்தியானம் மாரடைப்பு என்று கேள்விப்படுவது இப்படித்தான்.

சரி, மெயின்டனன்ஸ்க்கு வருவோம். கெட்டுப்போன பிறகு பார்ப்பது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ், கெடாமல் பார்ப்பது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று படிக்கிறோம். கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் பண்ணி ஆயில் மாற்றுவார்கள். இதயத்தை ஆஃப் பண்ண முடியுமா?

முடியாது. ஆனால் அதற்கும் ஓய்வு இருக்கிறது. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் சுமார் 0.8 செகண்டு. அதில் சுருங்கித் தள்ளுவது 0.3 செகண்டு, மீதி 0.5 செகண்டு விரிந்து ஓய்வாக இருக்கிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே அமுக்கிக்கொள்வதால், இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் அந்த அரை செகண்டு ஓய்வில்தான் வாங்கிக்கொள்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் பண்டலுக்கும் பண்டலுக்கும் நடுவில் டீயைக் குடிக்கிற மாதிரி! துடிப்பு வேகமாகும்போது அதிகம் குறைவது சுருங்கும் நேரம் அல்ல, இந்த ஓய்வு நேரம்தான். ஆகவே ஓடுகிற பம்புக்கு ஓடும்போதே செய்கிற பராமரிப்பு என்பது ஹெட்டைக் குறைப்பது, பைப்பைச் சுத்தமாக வைப்பது, அந்த அரை செகண்டைக் காப்பாற்றுவது. மூன்றுமே ஆஸ்பத்திரியில் நடப்பதில்லை. நாம் உட்காருவது, நடப்பது, சாப்பிடுவது, தூங்குவது ஆகியவற்றில் நடக்கின்றன.

நமக்கு 18 வயதுதானே, இப்போது எதுக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் 1953-லேயே வந்துவிட்டது. கொரியா யுத்தத்தில் இறந்த 300 அமெரிக்க சிப்பாய்களின் இதயத்தை டாக்டர்கள் திறந்து பார்த்தார்கள். சராசரி வயது 22. நல்ல உடற்பயிற்சி செய்து தேர்வானவர்கள். நான்கில் மூன்று பேருக்கு கொரோனரிக் குழாயில் படிவு ஆரம்பித்திருந்தது! நம்மைவிட நான்கு வயதுதான் மூத்தவர்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. கேரளாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது, 2004-ல் முடிவு வெளியானது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 என்றால் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் பக்கத்தில் 53 என்று அதில் தெரிந்தது. ஆறு வருடம் முந்தி! காரணம் பரம்பரை என்று கையை விரிக்கவும் இல்லை. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மன உளைச்சல், காய்கனி சாப்பிடாதது, நடக்காதது, குடி சம்பந்தப்பட்ட பழக்கம் என்று ஒன்பது விஷயங்களே உலகம் முழுக்கப் பெரும்பான்மை மாரடைப்புக்குக் காரணம் என்று சொன்னார்கள். பட்டியலைப் படித்தபோது எனக்கு எங்கள் லைன் வீடு ஞாபகம் வந்தது. ஒன்பதும் அந்த ஒரே வரிசையில் இருக்கிறது.

லண்டன் பஸ்ஸும் நம்ம ஓவர்லாக் மிஷினும்

இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஜெர்ரி மோரிஸ் என்று லண்டனில் ஒரு டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் மாரடைப்பு ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர், கண்டக்டர் இருவரும் ஒரே பஸ், ஒரே புகை, ஒரே மாதிரி வீடு, ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் சாவு குறைவு. வித்தியாசம் என்ன? டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்கும் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுகிறார். 1953-ல் லான்செட் பத்திரிகையில் இது வந்தது. நடமாட்டம் இதயத்தைக் காக்கும் என்பதை ஆட்களின் வேலையை ஒப்பிட்டு எண்ணிக்கையோடு காட்டிய முதல் பெரிய ஆய்வு இதுவே எனலாம்.

அதோடு விடவில்லை அவர்கள். 1956-ல் ஊழியர்களுக்குக் கம்பெனி கொடுத்த யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பளவு ரிக்கார்டை எடுத்தார்கள். வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது தெரிந்தது. ஆகவே உட்காருவது மட்டுமே காரணமா, முதலிலேயே இருந்த தொப்பையும் சேர்ந்ததா என்று தங்கள் முடிவைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். பேன்ட் அளவை வைத்து வைத்தியம் பார்த்த கதை திருப்பூர்க்காரனுக்குப் பிடிக்காமல் இருக்குமா! பிறகு தபால்காரர், குமாஸ்தா என்று பலரை ஒப்பிட்டபோதும் நடக்கிறவர்களுக்கே நல்லதாக வந்தது. மோரிஸ் 2009-ல் தம் 99-வது வயதில் காலமானார். சொன்னதை அவரே செய்து பார்த்திருக்கிறார் போலிருக்கிறது.

இப்போது முதலிபாளையம் சிட்கோ பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய் நில்லுங்கள். அங்கேயும் டிரைவர், கண்டக்டர் இருக்கிறார்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக் டெய்லர் காலை எட்டரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் டீக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுந்திருக்கிறார். பண்டலை எடுத்துக் கொடுக்க கைமடி இருக்கிறது. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை ஒன்பது வரை அதே ஸ்டூல். கட்டிங்கிலிருந்து பண்டல் தூக்கி லைனுக்கு லைன் ஓடும் பையன்தான் நம்ம ஊர் கண்டக்டர். செக்கிங், அயர்னிங் ஆட்கள் நின்று வேலை செய்கிறார்களே என்று கேட்கலாம். ஒரே இடத்தில் நிற்பது நடப்பதற்குச் சமம் ஆகாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறும், அதுவும் ஒரு பம்புதான். அசையாமல் நிற்கிற காலில் அந்தப் பம்பு ஓடாது. செக்கிங் டேபிளில் பத்து வருடம் நின்ற எங்கள் அம்மாவின் காலில் நரம்பு புடைத்திருப்பது இதனால்தான் என்று நான் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் தெரிந்தது.

முன்பெல்லாம் தையல் மிஷினை மிதித்தார்கள். எங்கள் தாத்தா கால் மிஷினில்தான் தைத்தார், நாள் முழுக்க இரண்டு காலும் ஆடும். இப்போது மோட்டார் வந்துவிட்டது, பெடலை ஒரு காலால் அமுக்கினால் போதும். ஸ்பீடு கூடியது, பீஸ் கூடியது, சம்பளமும் கூடியது. கால் மட்டும் நின்றுவிட்டது. மோட்டாரைக் குறை சொல்லவில்லை, அந்த மோட்டார் சம்பளத்தில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். ஆனால் மிஷின் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட நடமாட்டத்தை நாமே வேறு வழியில் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது.

"காலை ஐந்து மணிக்கு எழுந்து பூங்காவில் நடைபயிற்சி செய்க" என்று புத்தகங்களில் போட்டிருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்! நல்ல வேளையாக உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது நமக்குச் சாதகமாக இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை போதும், அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலும் கணக்குத்தான் என்கிறது. ஒரு நாளைக்கு 21 நிமிடம் சொச்சம். சாப்பிட்ட பிறகு கம்பெனி காம்பவுண்டைச் சுற்றிப் பத்து நிமிடம். பஸ்ஸில் வருகிறவர் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினால் இன்னொரு பத்து நிமிடம். நமக்கோ இன்னும் சுலபம், தெருமுனைக் கடைக்கு வண்டியை உதைக்காமல் இருந்தாலே போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் சரியான வேகம்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம்தான். இருந்தாலும் என் அபிப்பிராயம், கம்பெனிக்குள்ளேயே இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் லைனை நிறுத்தி எல்லோரையும் எழுந்து நடக்கச் சொன்னால் அதைவிடப் பலன் அதிகம். பீஸ் ரேட்டில் இருப்பவர் எழுந்தால் அவர் காசு அவருக்குக் குறைகிறது. அவராக எழ மாட்டார். நாளைக்கு சூப்பர்வைசராகப் போய் உட்காரப் போவது நாம்தானே, இதை அப்போது நினைத்துப் பார்க்க வேண்டும்.

டீக்கடை

காலேஜானாலும் கம்பெனியானாலும் டீ டைம் என்றால் நம் ஊரில் பேக்கரிதான். டீ, முட்டை பப்ஸ், வடை, பஜ்ஜி. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஆறு டீ குடித்தால் 60 கிராம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்தே 50 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். டீயை விடச் சொல்லவில்லை, டீயை விட்டால் திருப்பூரே ஓடாது! மூன்றாவது டீயிலிருந்து "சர்க்கரை கம்மியாண்ணா" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும்.

பப்ஸ் மொறுமொறுப்பு வனஸ்பதியில் வருவது. அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கும், இரண்டு பக்கமும் அடி. 2022 ஜனவரியிலிருந்து இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு விதித்துள்ளது. ஆனால் கடைச் சட்டியில் காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் வரை கறுப்பாகக் கொதிக்கிறதே, அந்தச் சட்டியைப் போய் யார் அளப்பது? எண்ணெய் கறுப்பாக இருந்தால் பஜ்ஜி வேண்டாம், கடலை மிட்டாயோ அவித்த சுண்டலோ கேளுங்கள்.

உப்பு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெட்டை ஏற்றுவதில் அதற்குப் பங்கு அதிகம். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மூடிய லைனில் திரவம் கூடினால் பிரஷர் கூடும் அல்லவா? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். நாம் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. சோற்றில் தெரியும் உப்பைவிட ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், சிப்ஸ், பரோட்டா சால்னா வழியாகப் போவதுதான் கணக்கில் வராமல் போகிறது. டையிங்கில் வேலை செய்கிறவர்களும் அயர்ன் மாஸ்டர்களும் வேர்வையில் உப்பு போகிறதே என்பார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் மோரும்தான் முக்கியம், ஊறுகாய் அல்ல.

இதற்கு நேர் மாறாக, நம் கொங்கு நாட்டுச் சாப்பாடு பாதிக்கு மேல் இதயத்துக்கு ஏற்றதுதான். கம்பங்கூழ், ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல், தட்டைப்பயறு. மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்காய் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது கட்டாகவே வாங்கலாம். ஏழைச் சாப்பாடு என்று நாம் வெட்கப்பட்டு டிபன் பாக்ஸில் கொண்டு வராத சாப்பாட்டைப் பெரிய கடைகளில் இப்போது பாக்கெட் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள்!

புகை, தூக்கம்

புகையைப் பற்றி நீளமாக எழுதினால் சில நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நிகோடின் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பம்பு வேகமாக ஓட வேண்டும், ஆனால் அதற்குக் கிடைக்கும் சாப்பாடு குறைவு. பீடி சின்னது, கெடுதல் கம்மி என்பது சுத்தப் பொய். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போவது கூடத்தான் செய்யும். உதட்டுக்குள் வைக்கும் பொட்டலத்திலும் அதே நிகோடின்தான். ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. விட்டு ஒரு வருடம் ஆனால், விடாதவரைவிட மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது. முப்பது வருடம் குடித்தவருக்கே அப்படி. நேற்று ஆரம்பித்த நமக்கு என்ன கஷ்டம்?

தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்குகிறது. பம்புக்குக் கிடைக்கும் லோ-லோடு நேரம் அதுதான். அமெரிக்க இதய சங்கம் 2022-ல் தன் பட்டியலில் தூக்கத்தையும் புதிதாகச் சேர்த்தது, பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறது. நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்கு வேறு வழியில்லை. ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை செல்போனில் ரீல்ஸ் தள்ளுகிறோமே, நமக்கு என்ன வழியில்லை?

பிரஷர் மாத்திரை

எங்கள் அப்பாவுக்கு வயது 46, ஓவர்லாக் டெய்லர். தமிழ்நாடு அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். அதில் வீட்டுக்கு வரும் தன்னார்வல அக்கா ஒருமுறை அளந்தபோது 170/100 என்றது. அப்பாவுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது, எப்போதாவது தலைசுற்றும், அவ்வளவுதான். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டார், நிறுத்திவிட்டார்.

"அதான் தலைசுத்தல் நின்னு போச்சில்ல, இன்னும் எதுக்கு சாமி மாத்திரை?"

"மாத்திரை போட்டதுனாலதானுங்கப்பா நின்னுது" என்றேன்.

வீட்டில் நான்தான் முதல் படிப்பு என்பதால் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு, ஆனால் மாத்திரை விஷயத்தில் செல்லவில்லை. கடைசியில் நோட்டில் படம் போட்டு, 1.63 மீட்டருக்கு ஒரு கோடு, அவருடைய 170-க்கு 2.31 மீட்டரில் இன்னொரு கோடு போட்டுக் காட்டினேன். "இவ்ளோ ஒசரம் தூக்குதா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். மிஷின்காரருக்கு மிஷின் பாஷைதான் புரிகிறது. அழுத்தத்துக்கான மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. 140/90-ஐத் தாண்டி இரண்டு மூன்று தடவை வந்தால் அது உயர் அழுத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே அளப்பார்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், டீயும் பீடியும் அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

பழக்கமெல்லாம் சரியாக இருந்தும் வந்துவிட்டால்? எங்கள் லைன் வீட்டில் ஓர் அயர்ன் மாஸ்டர் இருந்தார். ராத்திரி வேர்த்துக்கொட்டி நெஞ்சு இறுக்கியபோது "கேஸ் புடிச்சிருச்சு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். விடியும்போது அவர் இல்லை. 42 வயது, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் அப்போது ஆறாம் வகுப்பு. நடு நெஞ்சில் பாரம், தோள், தாடை, இடக்கைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சிரைப்பு என்றால் சோடா குடித்துக் காத்திருக்கும் நேரமல்ல. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸாக 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8. இது அங்கே பார்த்துக் கொடுப்பது, மெடிக்கலில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நாமே போடுவதற்கு அல்ல.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட். காலையில் எழுந்ததும் பாயைவிட்டு இறங்கும் முன், கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். கட்டை விரலால் பிடிக்காதீர்கள், அதற்கே ஒரு நாடி உண்டு, குழப்பும். 30 செகண்டு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒரு வாரம் தினமும் எண்ணிச் சராசரி எடுங்கள். 60-க்கும் 100-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எப்போதும் நூறைத் தாண்டினாலோ, விட்டு விட்டு அடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு தினமும் 22 நிமிடம் வேகமாக நடந்து, எட்டு வாரம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். பழகிய இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளுவதால் எண்ணிக்கை குறையும். நான் ஜூலையில் 78-ல் ஆரம்பித்தேன், இப்போது 70. எட்டை 1440-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 11,520 துடிப்பு மிச்சம்.